பெரட்டில் ஓர் ஆள் குறைகிறது

பள்ளிக்கூடத்துக்குப் பாதுகாப்புத் தணிக்கை எதற்கு என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். வம்புக்குக் கேட்பதில்லை. "ஸ்கூல்ல என்ன சார் இருக்கு தணிக்கை பண்ண? மேசை, நாற்காலி, பிள்ளைங்க, அவ்வளவுதானே லா" என்பார்கள். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல வராமல் பல வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போது ஒரு பதில் இருக்கிறது. அது கொஞ்சம் நீளம்.

பணி ஓய்வு பெறும்வரை நான் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். இயந்திரத்துக்குள் எவன் கையும் போகாமல் பார்த்துக்கொள்வதும், அவசர வாசலுக்கு முன்னால் பெட்டி அடுக்கியவனைத் தேடிப் பிடித்துத் திட்டுவதும்தான் என் வேலை. திட்டுவது எனக்கு நன்றாக வரும். யாரும் சாகாமல் வீட்டுக்குப் போனால் அன்றைக்கு நான் வெட்டியாகச் சம்பளம் வாங்கியதாக எல்லோரும் நினைப்பார்கள். அந்தத் தொழிலின் லட்சணம் அது. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்லமாட்டார்கள்.

மனைவி போன பிறகு ஈப்போ வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரே மகள் பெர்த்தில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். மற்ற நாள்களில் வீட்டில் பேசுவது தொலைக்காட்சி மட்டும்தான். அதை நான் திட்டுவேன், அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். தனிமையே இனிமை என்று காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை ஒரு வாரம் இந்த வீட்டில் வைத்துப் பூட்டினால் தேவலை. சோற்றுப் பானையில் ஒரு ஆளுக்கு அரிசி போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும். கையளவு போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு தீய்கிறது, கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் நாளைக்கும் அதையே தின்ன வேண்டியிருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில். வழுக்கும் தரையைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருப்பேன்! இடுப்பை அசைக்க முடியவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா நாயைக் கூட்டிக்கொண்டு போவது கேட்டது. ரொட்டிக்காரனின் மோட்டார் சைக்கிள் ஹார்ன் கேட்டது. படுக்கை மேல் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. காப்புறுதி விற்கிறவர்களாக இருக்கும். நான் கூப்பிட்டேன். எல்லாச் சத்தமும் எனக்குக் கேட்டது, என் சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல் வாளியைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, நானே எழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் ஈரத்தரையில் கிடந்தபோது தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. இந்த இடத்தில் விபத்து நடந்தால், ஓர் ஆள் குறைகிறது என்று முதலில் கண்டுபிடிப்பது யார் என்று கேட்டது. எந்தக் கட்டடத்திலும் நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். என் மகள், ஞாயிற்றுக்கிழமை என்பது பதில். நான் விழுந்தது திங்கட்கிழமை.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் முதியோர் இல்லங்களின் படத்தை அனுப்ப ஆரம்பித்துவிடுவாள், அங்கே எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு கேரம் ஆடுவார்கள்.

அந்த வாரம்தான் ஆயர் தாவார் பக்கமிருந்து ஒரு தலைமையாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். என்னோடு வேலை செய்த ஒருவரின் பேத்தி அந்தத் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாளாம், அவர் என் எண்ணைக் கொடுத்தாராம். "எங்க பள்ளியை ஒருக்கா வந்து பாத்துச் சொல்றீங்களா சார்? நாங்க சரியா வச்சிருக்கோம்னுதான் நெனைக்கிறேன். இருந்தாலும் வெளியாளு பாத்தா நல்லாருக்கும்" என்றார். வேறு நாளாக இருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்திருப்பேன். அன்றைக்கு, எப்போது வரட்டும் என்று கேட்டேன்.

ஈப்போவிலிருந்து லூமுட் சாலையில் போய், ஆயர் தாவாரைத் தொட்டு, செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பவேண்டும். ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள், பிறகு தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் இடித்தார்கள், சனங்கள் டவுனில் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகமுடியவில்லை. பிள்ளைகள் வேனில் வந்து படித்துவிட்டு வேனில் திரும்பிப் போகிறார்கள். நான்கு பக்கமும் செம்பனை, நடுவில் ஒரு கல் கட்டடம், ஒரு பழைய மரக்கட்டடம், ஒரு திடல். அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. காரணம் கேட்டால், என்னைப் போலவே அதுவும் இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா கதவைத் திறந்துவிட்டு, "போங்கண்ணே" என்றார்.

"நான் யாருன்னு கேக்கமாட்டீங்களா?"

"மூஞ்சைப் பாத்தாலே தெரியுது லா. ஆபீசரு."

"திருடனுக்கு மூஞ்சி வேற மாதிரியா இருக்கும்? பேரு கேக்கணும், ஐசி வாங்கணும், பாஸ் குடுக்கணும். உள்ள எத்தனை வெளியாளு இருக்குன்னு உங்களுக்குத் தெரியவேணாமா? நாளைக்கு நெருப்புப் புடிச்சா யாரைன்னு தேடுவீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. வந்து ஐந்து நிமிடத்தில் ஒரு மனிதரைப் பகைத்துக்கொண்டேன். இந்த வயதிலும் கை தேய்ந்தாலும் வாய் தேயவில்லை.

தலைமையாசிரியை குள்ளமானவர், வேகமாக நடப்பவர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. அந்தத் தோட்டத்தில், இடித்துப்போட்ட லயத்தில்தான் பிறந்தாராம். கொஞ்ச நேரம் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "சாருக்கு யாழ்ப்பாணமா?" என்று கேட்டார். என் அப்பா வீட்டுச் சொற்கள் சில இன்னும் என் நாக்கில் இருக்கின்றன, மறைத்தாலும் மறையாது. என் அப்பப்பா, அப்பாவின் அப்பா, தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்றேன். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். "அப்ப கிராணி வீட்டுப் புள்ள. எங்க ஆளுங்க உங்க வீட்டு வாசல்ல நின்னுருப்பாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் நேரம் கழித்து.

பள்ளியை அவர் உண்மையாகவே நன்றாக வைத்திருந்தார். குறை சொல்லப் போனவனுக்கு அது ஏமாற்றம்தான். மின்கம்பிகள் ஒழுங்காக இருந்தன, படிகளில் கைப்பிடி இருந்தது. தீயணைப்புக் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சரஸ்வதி பூசைக்கு வைத்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, பிடுங்க வேண்டிய ஊசியைச் சுற்றி மஞ்சள் கயிற்றால் நன்றாக முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"பூசை பண்ணா நெருப்பே வராதுன்னு நெனைச்சீங்களா டீச்சர்?"

"வந்தா அது நல்லா வேலை செய்யணும்னுதான் சார் கும்பிட்டாங்க. நான் சர்ச்சுக்குப் போற ஆளு, என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அறுத்தார்.

நான் நின்றுவிட்டது மரக்கட்டடத்துக்கு முன்னால்தான். சின்ன வகுப்புகளெல்லாம் அதில்தான். அதை ஒட்டிச் சிற்றுண்டிச்சாலை, சுவருக்கு அந்தப் பக்கம் கேஸ் தோங், சமையல் வாயு உருளை. குரங்கு வருகிறது என்று பின்கதவுக்குப் பூட்டு. தோங்கைத் தள்ளி வைக்கவும், பூட்டை எடுத்துவிட்டு உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போடவும் சொன்னேன். உடனே எழுதிக்கொண்டார். டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி அந்தச் செம்பனைச் சாலையில் வந்து சேர்வதற்குள் அந்த மரக்கட்டடம் முடிந்துவிடும். ஆகவே எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் வந்து நின்றது. மணி அடித்தால் பிள்ளைகள் வெளியே வருவார்களா?

வருடாவருடம் பயிற்சி செய்கிறோம் என்று படங்களைக் காட்டினார். பிள்ளைகள் திடலில் வரிசையாக நின்று கேமராவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குப் பயிற்சி என்று காலையிலேயே சொல்லி, ஆசிரியர்கள் முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு வந்த பயிற்சி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. யாரிடமும் சொல்லாமல் இப்போதே செய்து பார்க்கலாம் என்றேன்.

"பிள்ளைங்க பயந்துறாது?"

"பயப்படட்டும் டீச்சர். பயந்து வெளிய வந்தா நல்லதுதானே."

ஜாகாவிடம் போய், நீட்டு மணி அடியுங்கள், நான் கை காட்டும்வரை நிறுத்தாதீர்கள் என்றேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஏற்கெனவே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், எதற்கு வம்பு என்று மணியை அடிக்க ஆரம்பித்தார்.

திடலில் சில பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மணிச் சத்தம் கேட்டதும் பந்தை அப்படியே போட்டுவிட்டு மரக்கட்டடத்துக்குள் ஓடினார்கள். வெளியே ஓடி வரவேண்டியவர்கள் உள்ளே ஓடுகிறார்கள். கண்ணாடிச் சன்னல்கள் ஒவ்வொன்றாகப் படபடவென்று மூடின. கதவுகள் சாத்திக்கொண்டன, தாழ் விழும் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு நிமிடத்துக்குள் திடலில் ஒரு குருவி இல்லை. கதவிடுக்கில் உள்ளேயிருந்து யாரோ ஈரத் துணியைச் செருகுவது தெரிந்தது.

எனக்குத் தலைக்கு மேல் கோபம். "என்ன டீச்சர் இது, என்னைக் கேலி பண்றீங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். கொஞ்ச காலத்துக்கு முன்னால், வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைக்கு மருந்து அடித்தபோது காற்று இந்தப் பக்கம் வீசியிருக்கிறது. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், கண் எரிகிறது என்று அழுதார்கள். எங்கெங்கோ புகார் செய்து பார்த்து, கடைசியில் தலைமையாசிரியை தானே ஒரு வழி செய்தார். முதுகில் மருந்து தெளிக்கும் தோம்புடன் ஆட்கள் வேலியோரம் வந்தால் ஜாகா நீட்டு மணி அடிப்பார். நீட்டு மணி என்றால் உள்ளே ஓடு, சன்னலை மூடு, கதவைத் தாழிடு, கைக்குட்டையை நனைத்து மூக்கில் வை. அதிலிருந்து ஒரு பிள்ளையும் வாந்தி எடுக்கவில்லை. அது அவருடைய வெற்றி. நெருப்புக்கும் நீட்டு மணிதான் என்பது பயிற்சி நாளில் யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு யாரும் மணியைக் கேட்டு நடப்பதில்லை, டீச்சரைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள்.

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். மணி அடிச்சா உள்ள ஓடுன்னு நான்தான் பழக்கினேன்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் அந்த மரக்கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கேஸ் பற்றிக்கொள்கிறது, ஜாகா நீட்டு மணி அடிக்கிறார், உள்ளே தாழிட்டுக்கொண்டு, மூக்கில் ஈரத் துணியோடு, டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். தணிக்கை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இந்தக் கட்டடம்தான். இங்கே சோம்பேறி யாரும் இல்லை, திருடன் யாரும் இல்லை. ஒரு நல்ல ஏற்பாடும் இன்னொரு நல்ல ஏற்பாடும் ஒரே மணியைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

நெருப்புக்கு வேறு சத்தம் வேண்டும். நீட்டு மணியை மாற்றக் கூடாது, மாற்றினால் மருந்து அடிக்கும் நாளில் பிள்ளைகள் மருந்துக்குள் ஓடும். விட்டுவிட்டு அடிக்கும் மணி ஓய்வு நேரத்துக்கு. விசில் என்றால் விளையாட்டுப் பாடம். சைரன் வாங்கலாம், ஆனால் மின்சாரத்தில் நெருப்புப் பிடித்தால் முதலில் ஊமையாவது அதுதான். புதிதாக எந்தச் சத்தத்தைக் கொண்டுவந்தாலும் பிள்ளை நின்று யோசிக்கும். யோசிக்காமல் கால் வெளியே ஓடவேண்டும். அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. யோசித்துக்கொண்டு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

ஈப்போ வரும்வரை அதே நினைப்பு. வீட்டில் சோறு தீய்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்பதில் இல்லை, கவலைப்பட எனக்கு ஒன்று கிடைத்ததில். மனைவி போன பிறகு நான் எதற்காகவும் தூக்கம் கெட்டதில்லை, தூக்கம் வராமல் மட்டும்தான் இருந்திருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

அடுத்த வாரம் தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று பார்க்கிற சாக்கில் காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். வேன்கள் வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தன. ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தார்கள். கழிப்பறைப் பக்கம், சிற்றுண்டிச்சாலையில், மரத்தடியில், வகுப்புக்குள். தலைமையாசிரியை படியில் வந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஒரே ஒரு சொல்லைக் கூவினார்.

"பெரட்டு!"

எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் கொட்டினார்கள். தின்றுகொண்டிருந்தவன் மென்றுகொண்டே வந்தான். கட்டடங்கள் காலி. திடலில் வகுப்பு வகுப்பாக வரிசை. ஆசிரியர்கள் பெயர் கூப்பிட, "இருக்கேன், இருக்கேன்" என்று குரல்கள்.

அந்தச் சொல்லை நான் கடைசியாகக் கேட்டது அப்பா உயிரோடு இருந்தபோது. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் களத்தில் வரிசையில் நிற்பார்கள், கிராணி பெயர் கூப்பிடுவார், குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. அதற்குப் பெரட்டு என்று பெயர். எங்கள் வீட்டில் அது பெருமையான சொல். அப்பப்பா இஸ்திரி போட்ட காற்சட்டையோடு களத்தின் ஓரத்தில் தனியாக நிற்பாராம், பெரட்டு எடுக்கிறவர் பெரட்டில் நிற்பதில்லை என்று அப்பா சொல்வார். அந்தப் பெருமையைக் கேட்டே வளர்ந்தேன். தள்ளி நின்று பார்ப்பது எங்கள் குடும்பத்துக்குக் கைவந்த கலை.

கூட்டம் முடிந்ததும், நெருப்புக்கு அந்தச் சொல்லையே வைக்கலாம் என்றேன். தலைமையாசிரியை முகம் மாறிவிட்டது.

"அது நான் விளையாட்டுக்குச் சொல்றது சார். எங்கம்மா அந்தச் சத்தத்துக்குக் கைப்புள்ளைய விட்டுட்டு அலறியடிச்சிட்டு ஓடுவாங்க."

"அப்படி ஓடணும்னுதான் டீச்சர் கேக்கிறேன்."

அவர், "கிராணி வீட்டுப் புள்ளைதான் நீங்க" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே கை ஒலிபெருக்கி ஒன்றுக்குச் சொல்லிவிட்டார், பேட்டரியில் ஓடுவது.

பிறகு பழக்கம். நீட்டு மணி என்றால் உள்ளே. பெரட்டு என்றால் வெளியே, எந்த நேரமானாலும், பாடம் நடந்தாலும், டீச்சரே உட்காரச் சொன்னாலும். முதல் ஆளாகப் பார்ப்பவர் யாரோ அவர் கத்தலாம், சமையல் செய்யும் அக்காவாக இருந்தாலும். வெளியே வந்ததும் எல்லாத் தலையும் கணக்கு, பிள்ளைகள், ஆசிரியர்கள், அக்கா, ஜாகா, வெளியாட்கள். வெளியாட்களுக்கு ஜாகாவின் பாஸ்தான் கணக்கு. கணக்கு நேராகும்வரை யாரும் கலையக் கூடாது. இதையெல்லாம் கோபத்தோடு, விரலை ஆட்டி ஆட்டி, சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

மாதம் ஒன்று போனதும் மறுபடி சொல்லாமல் போனேன். வாசலில் ஜாகா கதவைத் திறக்கவில்லை.

"ஐசி குடுங்கண்ணே."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"நல்லாவே தெரியும் லா. ஐசி."

அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த பாஸ்களில் ஒன்றை எடுத்து, மாலை போடுவதுபோல் என் கழுத்தில் அவரே மாட்டிவிட்டார். அவருடைய சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை.

தலைமையாசிரியையிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். கணக்குப் பாடம் நடக்கும் நேரம். நான் வழக்கம்போல் திடலைத் தாண்டி, வேலியோரம் மழைமரத்தடியில் போய் நிறுத்துக் கடிகாரத்தோடு நின்றேன். எல்லாக் கட்டடமும் ஒரே பார்வையில் தெரியும் இடம். ஒலிபெருக்கியில் அவர் குரல் எழுந்தது.

"பெரட்டு! பெரட்டு!"

வந்தார்கள். மரக்கட்டடத்தின் முன்கதவு, பின்கதவு இரண்டிலும் வந்தார்கள். ஒரு சன்னலும் மூடவில்லை. பாலர் பள்ளிக் குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சமையல் அக்கா கரண்டியோடு வந்தார். கடிகாரத்தை நிறுத்தவே மறந்துவிட்டேன். ஒரு மனிதன் உருப்படியாக எதையாவது செய்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

பெயர் கூப்பிட்டு முடித்து ஒவ்வொரு வகுப்பும் கை தூக்கியது. ஜாகா வந்து காதில் சொன்னார். தலைமையாசிரியை கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார். பிறகு ஒலிபெருக்கியை எடுத்து என்னைப் பார்த்துச் சொன்னார், "ஒரு ஆள் கொறையுது சார்."

இது பயிற்சிதான், நெருப்பு இல்லை, எல்லாம் தெரியும். ஆனால் ஓர் ஆள் உள்ளே இருக்கிறது. மரக்கட்டடத்தை நோக்கி ஓடினேன், இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால். கழிப்பறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒரு குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஈரத்தரையில் யாரும் இல்லை. "யாரு உள்ள? யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினேன். என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அந்தத் திங்கட்கிழமை நான் இதேபோலத்தான் கத்தினேன். அன்றைக்கு உள்ளே கிடந்து கத்தினேன், இன்றைக்கு வெளியேயிருந்து தேடிக்கொண்டு கத்துகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். குழாயை மூடிவிட்டு மூச்சு வாங்கத் திடலுக்கு வந்தேன்.

"யாரும் இல்ல டீச்சர். மறுபடி எண்ணுங்க."

"எண்ணிட்டேன் சார். கொறையுது."

ஜாகா முன்னால் வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் நெஞ்சைப் பார்த்தார். "அண்ணே, வெளியாளுக்கு ஒரு பாஸ் குடுத்திருக்கேன். அந்த ஆளு பெரட்டுக்கு வரல" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஓட்டத்தில் முறுக்கிக்கொண்ட நாடாவில், பாஸ் என் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, நல்லவேளை. மன்னித்துவிடுங்கள், கணக்கு நேர்தான், பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள் என்று மழைமரத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன்.

"எங்க சார் போறீங்க?" தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "ஆளு கண்ணுல பட்டாப் போதாது. வரிசையில நிக்கணும். நீங்கதானே சொன்னீங்க? உங்களுக்காக எல்லாரும் வெயில்ல நிக்கறாங்க."

போய் நின்றேன். பாலர் பள்ளி வரிசையின் கடைசியில்தான் இடம் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற குழந்தை திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இடம் விட்டது. அப்பப்பாவிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் இந்தப் பக்கம் நின்றதில்லை.

தலைமையாசிரியை ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, ஜாகாவிடமிருந்து என் ஐசியை வாங்கி, அதிலிருந்த பெயரைக் கூப்பிட்டார், முழுப் பெயரையும், அப்பாவின் பெயரோடு சேர்த்து. மனைவி இருந்தவரை அந்தப் பெயரில் பாதியைச் சொல்லிக் கூப்பிடுவாள். அதன் பிறகு ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் எண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள்.

"இருக்கேன்" என்றேன். சத்தம் சரியாக வரவில்லை.

"கேக்கல சார்" என்றார்.

"இருக்கேன்."